ஜெர்மனிக்கு வந்தாச்சா? முதலில் தபால்பெட்டியில் பெயரை ஒட்டுங்கள்

வேலை விசாவில் வந்து இறங்கியதும் எல்லாரும் இந்தியக் கடை எங்கே என்றுதான் தேடுகிறோம். தேடுங்கள், தப்பில்லை. ஆனால் குடிபோன இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துவிட வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாளும் வேண்டும், அதனால் சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அப்புறம் தபால்பெட்டி. பெட்டியில் உங்கள் பெயர் இருந்தால்தான் கடிதம் உள்ளே விழும், வரி எண்ணும் காப்பீட்டு அட்டையும் தபாலில்தான் வரும். நான் என் பெயரை மட்டும் எழுதி ஒட்டியிருந்தேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது அப்பா பெயர், கடிதமெல்லாம் அவர் பெயருக்கு வந்து, இந்த வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று மூன்று வாரம் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தது! இரண்டு பெயரையும் ஒட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடாதீர்கள். மிக்ஸி பரவாயில்லை, ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் வேண்டாம்.

மொழியைத் தள்ளிப்போடுவதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு. ஆபீஸில் ஆங்கிலத்தை வைத்து ஓட்டிவிடலாம், பிள்ளையின் டீச்சரிடம் அது நடக்காது. அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பு பொதுவாக 700 பாடவேளை: 600 மொழிக்கு, 100 சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறைக்கு. அதில் இடம் கிடைக்காவிட்டால் ஊருக்கு ஊர் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற பெரியவர்களுக்கான பொதுக் கல்வி மையம் இருக்கிறது, மாலை வகுப்பு நடத்துகிறார்கள். கூட வந்த மனைவியையோ கணவரையோ முதலில் சேர்த்துவிடுங்கள், நாள் முழுக்க வீட்டில் இருப்பவருக்குத்தான் இந்த ஊர் சீக்கிரம் வெறுத்துப்போகும்.

குடியுரிமைக்கு 2024 ஜூன் 27 முதல் ஐந்து ஆண்டு போதும், முன்பு எட்டு. குடியுரிமைத் தேர்வைப் பற்றிப் பயமே வேண்டாம்: 33 கேள்வி, 17 சரியாக இருந்தால் பாஸ், கேள்விகளும் முன்கூட்டியே வெளியிட்ட பட்டியலில் இருந்துதான் வரும். பி1 எனும் இடைநிலை ஜெர்மன் மொழிச் சான்றுதான் பலரை இழுத்தடிக்கும். இன்னொன்று, ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்றாலும் இந்தியா ஏற்காது, பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைதான் வாங்க வேண்டும். அதை வைத்து ஊரில் வீடு வாங்கலாம், வயல் வாங்க முடியாது. வெளிநாட்டில் வசிக்கும்வரை இந்திய பாஸ்போர்ட் இருந்தாலும் இதே தடைதான், அதனால் விண்ணப்பிப்பதற்கு முன்பே வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள்.