ஊர்ப்பெயருக்குள் இருக்கும் துறவியைக் கண்டுபிடிப்பது எப்படி

முதலில் பெயரை உடைத்துப் பாருங்கள். எங்கள் வவுனியாவில் கோவில்குளம் என்றால் விளக்கமே தேவையில்லை. அயர்லாந்தின் கில்கென்னியும் அப்படித்தான், ஐரிஷ் மொழியில் 'கில்' என்றால் தேவாலயம், மீதி கனிஸ் என்ற துறவியின் பெயர், அகபோவில் மடம் அமைத்து 600ஆம் ஆண்டளவில் இறந்தவர்.

ஆனால் அவசரப்படாதீர்கள். காட்டைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லும் ஆங்கில எழுத்தில் பல இடங்களில் 'கில்' ஆகிவிட்டது, அதனால் பழைய ஐரிஷ் வடிவத்தைப் பார்க்காமல் முடிவெடுத்தால் காட்டைக் கோயிலாக்கிவிடுவீர்கள். வன்னியிலும் வரைபடத்தை மட்டும் நம்பாமல், குளக்கட்டில் ஐயனாருக்கு விளக்கு வைக்கும் அப்புவிடம் போய் ஊரின் பழைய பெயரைக் கேளுங்கள், இடம்பெயர்வில் எத்தனையோ பெயர்கள் வாய்வழக்கிலிருந்து போய்விட்டன, உடனே எழுதி வையுங்கள்.

அப்புறம், அதே பெயர் வேறெங்கே போயிருக்கிறது என்று தேடுங்கள், எனக்கு இதுதான் மிகவும் பிடித்த வேலை. ஸ்கொட்லாந்தில் மல் தீவுக்குப் பக்கத்தில் இன்ச்கென்னத் என்றொரு சின்னத் தீவு: 'இன்ச்' தீவு, கென்னத் நம்முடைய கனிஸ்தான், கடல் தாண்டிப் போயிருக்கிறார்!

திருநாளையும் விசாரியுங்கள். கனிஸுக்கு ஒக்டோபர் 11. பெயர், பழைய தேவாலயம், திருநாள் மூன்றும் ஒரே இடத்தில் பொருந்தினால் தைரியமாகக் குறித்துக்கொள்ளலாம்.