மணி வடிவ வளைவைக் கண்ட இடமெல்லாம் பொருத்தலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கம்ரேட்ஸ் மராத்தானைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர், ஓடி முடிக்க 12 மணி நேரம். இத்தனை ஆயிரம் பேர் ஓடுகிறார்களே, அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தை வரைந்தால் நடுவில் உயர்ந்து இருபுறமும் ஒரேபோல் சரியும் மணி வடிவம், அதாவது இயல்நிலைப் பரவல், வந்துவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். வராது. 12 மணி நேரம் முடிந்ததும் துப்பாக்கி வெடிக்கும். கோட்டுக்கு ஓரடி முன்னால் இருந்தாலும் பதக்கம் கிடையாது. அதனால் கடைசி நேரத்தில் கூட்டம் குவிந்து, எல்லைக்கு அப்பால் வரைபடம் சட்டென்று அறுந்துபோகும். வேறு வகைப் பதக்கம் கிடைக்கும் 9 மணி நேரம் போன்ற எல்லைகளுக்குச் சற்று முன்னாலும் சின்ன மேடுகள் தெரியும். கடிகாரத்தைப் பார்த்து ஓடுகிற மனிதர்கள் வேறெப்படி இருப்பார்கள்?

"எண்ணிக்கை கூடினால் மணி வடிவம் தானாக வரும்" என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மைய எல்லைத் தேற்றம் பேசுவது சராசரிகளைப் பற்றி. குலுக்கல் முறையில் 100 ஓட்டக்காரர்களை எடுத்துச் சராசரி காணுங்கள். இதையே பலமுறை செய்யுங்கள். அந்தச் சராசரிகள்தான் மணி வடிவத்தை நெருங்கும். தனித்தனி ஆட்களின் நேரங்கள் பழைய கோணல் வடிவத்திலேயே கிடக்கும்.

அப்புறம், 68–95–99.7 விதி. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவுதான் திட்டவிலக்கம். ஒன்று, இரண்டு, மூன்று திட்டவிலக்கத்துக்குள் அடங்கும் சதவீதங்களே இந்த மூன்று எண்களும். சராசரியிலிருந்து இருபுறமும் இரண்டு திட்டவிலக்கத்துக்குள் ஏறத்தாழ 95 சதவீதம் அடங்கும் என்பது இயல்நிலைப் பரவலுக்கு மட்டுமே. தென்னாப்பிரிக்காவின் வருமானத்துக்கு இதைப் போடவே கூடாது. வருமான ஏற்றத்தாழ்வை 0 முதல் 1 வரை அளக்கும் ஜினி குறியீடு 2014-இல் 0.63 அளவில் இருந்த நாடு இது. உலகிலேயே மிக மோசமான ஏற்றத்தாழ்வுகளில் ஒன்று. சில பெரும் வருமானங்கள் சராசரியை மேலே இழுப்பதால், பாதிக்கும் மேற்பட்டோர் சராசரிக்குக் கீழே நிற்கிறார்கள். இரண்டு திட்டவிலக்கம் கழித்துப் பார்த்தால் வருமானம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும்! வடிவம் தெரியாதபோது, எந்தப் பரவலுக்கும் பொருந்தும் செபிஷெவ் விதி தரும் "இரண்டு திட்டவிலக்கத்துக்குள் குறைந்தது 75 சதவீதம்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வளைவின் உயரத்தையே நிகழ்தகவாக வாசிப்பவர்களும் உண்டு. நிகழ்தகவு என்பது வளைவுக்கு அடியிலுள்ள பரப்பு. ஒருவர் மிகச் சரியாக 170 சென்டிமீட்டர் உயரம் இருப்பார் என்பதற்கு நிகழ்தகவு பூஜ்யம், 169.5 முதல் 170.5 வரை என்றால்தான் கணக்கு வரும்.

இருபுறமும் சமமாக இருந்தாலே இயல்நிலை என்பதும் தவறு. பகடையின் ஆறு முகங்களும் சமம்தான். வரைந்தால் தட்டையாக இருக்கும்.

மூன்று திட்டவிலக்கத்தைத் தாண்டிய எண்ணைப் "பிழை" என்று உடனே அடித்துவிடாதீர்கள். அசல் இயல்நிலைப் பரவலிலேயே 10,000 பேரில் சுமார் 27 பேர் அங்கே இருப்பார்கள்.