ஊட்டிக் கருத்தரங்கில் எழுத்து உடைந்த கதை

ஊட்டியில் வரலாற்றுக் கருத்தரங்கு. மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் மலை ரயில் ஆசை வந்தது. 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் என்பதால் அடக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

உண்மையான தலைவலி அரங்கில்தான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் செய்த ஸ்லைடை, அந்த எழுத்துரு இல்லாத அங்கிருந்த கணினியில் திறந்தால், ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேய கலெக்டரைப் பற்றிய 'ஜான் சல்லிவன், 1819' என்ற தலைப்பில் 1819 மட்டும் மிச்சம். மற்றதெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. தேநீர் இடைவேளையில் உட்கார்ந்து, எழுத்துரு மாற்றியில் போட்டு, ஒவ்வொரு ஸ்லைடாக, எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடில் ஒட்டினேன். ஊட்டியின் மொறுமொறு பிஸ்கட்டான சூடான வர்க்கி போச்சு.

இப்போதெல்லாம் யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, மெயிலிலும் ஒரு பிரதி வைத்துவிடுகிறேன்.

அப்புறம், வெளி மாவட்டக் காரில் ஊட்டிக்குப் போகிறவர்கள் இ-பாஸ் முன்பே எடுங்கள். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு அங்கே தடை.