கல்லூரி செல்லும் பிள்ளைக்குக் கேமிங் லேப்டாப் தேர்ந்தெடுப்பது எப்படி?

பொறியியல் கல்லூரியில் சேர்ந்த அக்காள் மகனுக்காகக் காரைக்குடிக் கடைகளிலும் இணைய விற்பனைத் தளங்களிலும் தேடி, ஒரு கேமிங் லேப்டாப்பை வாங்கி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். பிராசசர், ரேம், எஸ்எஸ்டி ஆகியவை என்னவென்று விளக்கப் போவதில்லை. அவை உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாய்க் கணக்கையும் விட்டுவிட்டேன்.

முதல் படி: பாடப்பிரிவு

கடைக்குப் போவதற்கு முன்பு, அதே துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம் எந்தெந்த மென்பொருள்கள் தேவைப்படும் என்று கேட்டுவிடுங்கள். சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் ரெவிட், சாலிட்வொர்க்ஸ் போன்றவை வரும். அவை விண்டோஸில் மட்டுமே நேரடியாக இயங்கும். செயற்கை நுண்ணறிவு சார்ந்த பிரிவு என்றால், அத்துறைக் கருவிகள் பலவும் என்விடியா நிறுவனத்தின் CUDA என்ற நுட்பத்தை (கிராபிக்ஸ் கார்டைக் கணக்கீட்டுக்குப் பயன்படுத்தும் வழி) நம்பியிருப்பதால், என்விடியா கிராபிக்ஸ் கார்டு (திரைக் காட்சிகளை உருவாக்கும் பகுதி) உள்ளதையே பாருங்கள். பி.காம். சேரும் பிள்ளைக்குப் படிப்பை முன்னிட்டுக் கேமிங் லேப்டாப் தேவையே இல்லை. விளையாடுவதற்குத்தான் என்றால் அதை வீட்டில் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். “படிப்புக்குத்தான் ஆச்சி” என்று சொல்லி வாங்கினால், விளையாடும் ஒவ்வொரு மாலையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: கிராபிக்ஸ் கார்டின் வாட் அளவு

என்னை மிகவும் திணறடித்த இடம் இதுதான். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே என்விடியா கார்டின் பெயரோடு இரண்டு லேப்டாப்புகள் அருகருகே இருக்கும். விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும். கடைக்காரரைக் கேட்டால், “ரெண்டும் ஒரே கார்டுதான் சார், இது புது மாடல்” என்பார். கார்டு ஒன்றுதான், ஆனால் அதற்கு எத்தனை வாட் மின்சக்தி தருவது என்பதை லேப்டாப் தயாரிப்பாளர் முடிவு செய்கிறார். லேப்டாப்புக்கான 4060, 4050 ஆகிய இரண்டுக்கும் என்விடியா வகுத்துள்ள வரம்பு 35 முதல் 115 வாட் வரை. இதற்கு மேல் டைனமிக் பூஸ்ட் என்ற பெயரில் மேலும் 25 வாட் வரை சேரலாம். மெலிதான உடலுக்குள் 45 வாட்டில் அடைபட்ட 4060-ஐ, முழு வாட்டில் ஓடும் 4050 முந்திவிடக்கூடும். முன்பெல்லாம் குறைந்த சக்தி கொண்ட கார்டுகளின் பெயரோடு மேக்ஸ்-கியூ என்ற அடையாளம் ஒட்டியிருந்தது. 2021-இல் லேப்டாப்புகளுக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்து அந்த அடையாளம் பெயரிலிருந்து மறைந்துவிட்டதால், பெயரை மட்டும் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது.

ஆகவே தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்தில், நீங்கள் வாங்கவிருக்கும் மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை ஒப்பிட்டு, டிஜிபி (TGP, கார்டுக்குத் தரப்படும் மொத்த வாட் அளவு) என்று குறிப்பிட்டிருக்கும் எண்ணைத் தேடுங்கள். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப் என்றால், என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்பதைச் சொடுக்கினால், மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர் என்ற வரியில் அந்த எண் தெரியும். அதைப் பார்க்க விடாத கடையில் நான் வாங்க மாட்டேன். கார்டின் சொந்த நினைவகம் 4 ஜிபி மட்டுமே என்றால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். 6 ஜிபி குறைந்தபட்சம், 8 ஜிபி கிடைத்தால் நல்லது.

மூன்றாம் படி: மற்றவை

ரேம் 16 ஜிபி போதும். ஆனால் அது 8 ஜிபி வீதம் இரண்டு துண்டுகளாக இருக்க வேண்டும், ஏனெனில் ஒற்றைத் துண்டாக இருந்தால் பல விளையாட்டுகளில் வேகம் குறையும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று சென்றால் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் உள்ளது என்று காட்டும். திரைக்கு 100 சதவீத எஸ்ஆர்ஜிபி (sRGB, திரை காட்டக்கூடிய நிறங்களின் அளவுகோல்) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 45 சதவீத என்டிஎஸ்சி (NTSC, இன்னொரு நிற அளவுகோல்) என்றிருந்தால் நிறங்கள் வெளிறித் தெரியும். விசைப்பலகையில் ஏழு வண்ண விளக்கு எரிவதற்காக ஒரு ரூபாய்கூட கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: எங்கே வைத்துப் பயன்படுத்தப் போகிறார்?

இத்தகைய லேப்டாப்புகள் பல இரண்டேகால் கிலோவுக்குக் குறைவதில்லை; செங்கல் போன்ற சார்ஜரின் எடை தனி. வகுப்புக்குத் தினமும் தூக்கிச் செல்ல வேண்டுமென்றால், டைப்-சி வழியாகப் பவர் டெலிவரி சார்ஜிங் ஏற்கும் மாடலைத் தேர்ந்தெடுத்தால், சிறிய 65 அல்லது 100 வாட் சார்ஜரை மட்டும் பையில் போட்டுக்கொள்ளலாம். அந்தச் சிறிய சார்ஜரில் பாடம் எழுதலாம். முழு வேகத்தில் விளையாட முடியாது.

சர்வீஸ் பற்றியும் யோசியுங்கள். காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். எனவே வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் ஆன்சைட் வாரன்டி நம் 630-இல் தொடங்கும் பின்கோடுக்கு உண்டா என்றும், பிள்ளை விடுதியில் தங்கினால் அந்த ஊர்ப் பின்கோடுக்கு உண்டா என்றும், பணம் கட்டுவதற்கு முன்பே நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: தேவகோட்டை வாசகர் ஒருவர், சார்ஜரோடு வந்த பிளக் விடுதிச் சாக்கெட்டில் நுழையவில்லை என்று எழுதியிருந்தார். சில மாடல்களுக்கு 16 ஆம்பியர் பெரிய முள் பிளக்கைத் தருகிறார்கள். 230 வாட் சார்ஜர் நம் மின்சாரத்தில் இழுப்பது ஒன்றேகால் ஆம்பியருக்கு மேல் போகாது என்பதால் 6 ஆம்பியர் சாக்கெட்டே தாராளம். சார்ஜரில் செருகும் முனை மேசைக் கணினியின் பவர் கேபிள் முனையைப் போலவே இருந்தால், ஐஎஸ்ஐ முத்திரையுள்ள 6 ஆம்பியர் கேபிள் ஒன்றை வாங்கி மாற்றிக்கொண்டால் போதும். தளர்ந்து ஆடும் மலிவுக் கன்வெர்ட்டர்களை வாங்க வேண்டாம். தொடர்பு சரியாக இல்லாத முள்தான் சூடேறிக் கருகுகிறது.

பின்சேர்க்கை 2: சார்ஜ் ஏறும்போது லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரலில் விறுவிறுக்கிறது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இது பெரும்பாலும் லேப்டாப்பின் குறையன்று. சாக்கெட்டில் எர்த் இல்லை என்பதன் அறிகுறி. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றியுள்ள அறைகள் பலவற்றில் இன்றும் இரண்டு முள் சாக்கெட்டுகளும், மூன்று துளை இருந்தும் எர்த் கம்பி இணைக்கப்படாத சாக்கெட்டுகளும் இருக்கின்றன. மூன்றாம் முள்ளை ஒடித்துவிட்டுச் செருகுவதும், இரண்டு முள் அடாப்டர் போடுவதும் கூடாது. எலக்ட்ரீஷியனை அழைத்து, லேப்டாப் வைக்கும் அந்த ஒரு சாக்கெட்டுக்காவது எர்த் இழுக்கச் சொல்லி, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை ஃபேஸிலும் மறு முனையை எர்த்திலும் வைத்து விளக்கு பிரகாசமாக எரிகிறதா என்று அவரையே உங்கள் முன்னால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.