சிப்பி மட்டி லிஸ்ட்ல சயின்டிஃபிக் பேர் மாத்தும்போது பண்ணக்கூடாத தப்புங்க

பழைய லிஸ்ட் ஒண்ணை எடுத்து, மொலஸ்காபேஸ்ங்கற ஆன்லைன் தளத்துல (சிப்பி, நத்தை வகைகளோட இப்போதைய பேர் இருக்கற இடம்) ஒவ்வொரு பேரா தேடி, பழசை அழிச்சிட்டு புதுசைப் போட்டுட்டா அப்டேட் முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. பெரிய தப்பே அதுதான்.

ஏன்னா எல்லா பேர் மாற்றமும் ஒரே மாதிரி இல்ல. ரத்த மட்டி, அனடாரா க்ரானோசாவா இருந்தது இப்போ டெகில்லார்கா க்ரானோசா, அங்க ஜீனஸ், அதாவது பேரோட முதல் பாதி, மட்டும்தான் மாறிச்சு, உயிரி அதேதான். பெர்னா இண்டிகா விஷயம் அப்படி இல்லங்க. கன்னியாகுமரி, விழிஞ்ஞம் பக்கம் பாறையில ஒட்டிக் கிடக்கற பழுப்பு மட்டிக்கு 1976ல குரியாகோஸும் நாயரும் வச்ச பேர் அது, பின்னாடி டிஎன்ஏ வரைக்கும் பாத்ததுல ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா கரையிலயும் இருக்கற பெர்னா பெர்னாதான் இதுவும்னு ஆயிடுச்சு. லிஸ்ட்ல பெர்னா இண்டிகா, பெர்னா பெர்னா ரெண்டும் தனித்தனியா நின்னா ஒரே மட்டியை ரெண்டு தடவை எண்ணிடுவோம், இந்தியாவுக்கு மட்டுமே சொந்தமான இனம்னு வேற எழுதி வச்சிடுவோம்.

இதுக்கு நேர் எதிர் தப்பும் உண்டு. பாறைச் சிப்பி, அதாவது சாக்கோஸ்ட்ரியா குகுல்லாட்டான்னு பழைய ரிப்போர்ட்ல எல்லாம் போட்டிருக்கறது, உண்மையில பல இனங்கள் கலந்த கூட்டம். சிப்பியோட ஓடு ஒட்டற இடத்துக்கு ஏத்த மாதிரி வளையும், அதனால ஓட்டு வடிவத்தை மட்டும் நம்பி, அதுவும் ஃபோட்டோ பாத்து, பழைய ரெக்கார்டுக்குப் புதுப் பேர் சூட்டவே கூடாது. மியூசியத்துல அந்தச் சிப்பியோட ஸ்பெசிமன் இருந்தா எடுத்துப் பாக்கணும், இல்லன்னா பழைய பேரை அப்படியே விட்டு சந்தேகம்னு குறிச்சிடணும்.

பழைய பேரைத் தூக்கி எறியறது இன்னொரு தப்பு, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கறதும் இதுதான். தூத்துக்குடியில 1970கள்ல இருந்து சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) சிப்பி வளர்ப்பு பத்தி எழுதினதெல்லாம் க்ராஸோஸ்ட்ரியா மெட்ராஸென்சிஸ்ங்கற பேர்லதான் இருக்கு. இப்போ அது மகல்லானா பைலினியேட்டா. கேரளாவுல அஷ்டமுடி ஏரி மட்டி மீன்பிடிப்புக்கு 2014ல எம்எஸ்சி சான்றிதழ் (வளத்தை அழிக்காம பிடிக்கறதுக்குத் தர்றது) கிடைச்சப்போ அதோட பேர் பாஃபியா மலபாரிகா, இப்போ ப்ரோடேப்ஸ் கேலஸ். புதுப் பேரை மட்டும் வச்சு தேடற ஸ்டூடண்ட்டுக்கு இத்தனை வருஷ வேலையும் கண்ணுல படாது, அதனால பழைய பேருக்குன்னு லிஸ்ட்ல ஒரு தனி நெடுவரிசை கண்டிப்பா வேணும்.

மகல்லானாங்கற ஜீனஸையே சில சிப்பி ஆராய்ச்சியாளருங்க ஏத்துக்கல, இன்னும் க்ராஸோஸ்ட்ரியான்னே எழுதறாங்க. நீங்க எந்தப் பக்கம்னாலும் சரி, ஒரே லிஸ்ட்ல ரெண்டையும் கலக்காதீங்க, யாரைப் பின்பற்றறீங்க, எந்தத் தேதியில செக் பண்ணீங்கன்னு மேலயே போட்டுடுங்க.

அப்புறம் அடைப்புக்குறி. முதல்ல விவரிச்சப்போ இருந்த ஜீனஸ் பின்னாடி மாறியிருந்தாதான் அந்த இனத்தை விவரிச்சவரோட பேரும் வருஷமும் அடைப்புக்குறிக்குள்ள வரும். ரத்த மட்டிக்கு (லின்னேயஸ், 1758), ஏன்னா அவர் அதை ஆர்காங்கற ஜீனஸ்ல வச்சாரு. பெர்னா இண்டிகாவுக்கு அடைப்புக்குறி கிடையாது, குரியாகோஸும் நாயரும் விவரிச்சதே பெர்னாலதான்.