லோடு வண்டியில் பைக்கை ஏற்றிச் செல்லும்போது கவனிக்க வேண்டியவை

வீடு மாற்றும்போதோ, பழுதான பைக்கைச் சொந்த ஊருக்கு எடுத்துச் செல்லும்போதோ நம்மில் பெரும்பாலானவர்கள் நாடுவது குட்டி யானை அல்லது அதைவிடச் சற்றுப் பெரிய லோடு வண்டியைத்தான். வண்டி வந்தவுடன் நான்கு பேர் சேர்ந்து பைக்கைத் தூக்கி வைத்து, சைடு ஸ்டாண்டைப் போட்டு, ஹேண்டில்பாரில் ஒரு கயிறும் பின் கேரியரில் ஒரு கயிறும் கட்டி அனுப்பிவிடுவது வழக்கமாக இருக்கிறது. என்னுடைய புல்லட்டை நானும் ஒருமுறை அப்படித்தான் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது சைடு ஸ்டாண்டு வளைந்து, வண்டி பக்கவாட்டுச் சுவரில் சாய்ந்து, பெட்ரோல் டேங்கில் உள்ளங்கை அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. கட்டும் முறையே பிழையாக இருந்ததால் ஓட்டுநரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பைக் தன்னுடைய இரண்டு சக்கரங்களின் மேல் நேராக நிற்க வேண்டும். நான்கு மூலைகளை நோக்கியும் கீழ்நோக்கியும் இழுத்துக் கட்டிய பெல்ட்டுகள் மட்டுமே அதைப் பிடித்திருக்க வேண்டும். சைடு ஸ்டாண்டோ சென்டர் ஸ்டாண்டோ பயணத்தின்போது எடையைத் தாங்கக் கூடாது. ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை மேலிருந்து இறுக்கிக் கட்டினால், வேகத்தடை ஒவ்வொன்றிலும் விழும் அடி முழுவதும் ஸ்டாண்டின் வழியாகச் சேசிஸில், அதாவது பைக்கின் இரும்புச் சட்டகத்தில், இறங்கும்.

லோடு வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் இருந்தே கவனம் தொடங்க வேண்டும். குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸின் சரக்குத் தளம் ஏறக்குறைய 7 அடி நீளம் கொண்டது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் நீளமும் ஏறக்குறைய அதேதான். ஆகவே அந்த பைக் உள்ளே நுழைந்தாலும், பின் கதவை மூடவும் பெல்ட்டை நீட்டிக் கட்டவும் இடம் மிஞ்சாது. மூலைவிட்டமாக நிறுத்தினால் இடம் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அப்போது ஒரு பக்கத்துப் பெல்ட் மிகக் குட்டையாகவும் மறுபக்கத்துப் பெல்ட் நீளமாகவும் அமைந்து இரு பக்க இழுப்பும் சமமாக இருக்காது. ஸ்பிளெண்டர் போன்ற இலகுவான வண்டிக்கு ஏஸ் போதும். புல்லட் வகைக்கு அசோக் லேலண்ட் தோஸ்த் அல்லது பொலேரோ பிக்கப்பைக் கேட்டு வாங்குங்கள். வாடகை சற்றுக் கூடினாலும் டேங்குக்குப் பெயின்ட் அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல. தளத்தின் ஓரங்களில் உறுதியான கொக்கிகளோ வளையங்களோ இருக்கின்றனவா என்பதையும் வண்டியை அமர்த்தும்போதே கேட்டுவிடுங்கள்.

ஏற்றுவதற்கு முன் பைக்கைக் கழுவித் துடைத்துவிட வேண்டும். பெல்ட்டுக்கும் பெயின்ட்டுக்கும் இடையில் தூசி இருந்தால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அதிர்வில் அது உப்புத்தாளைப் போலத் தேய்த்துவிடும். பக்கக் கண்ணாடிகளைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஒன்று அல்லது இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டாம். பழைய கார்புரேட்டர் வண்டியானால் பெட்ரோல் குழாயை மூடிவிடுங்கள். நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்வதும், ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களை ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புவதும் நல்லது. சமையல் கேஸ் சிலிண்டரைப் பைக்கோடு அதே வண்டியில் ஏற்றாதீர்கள்.

அதிகமான விபத்து நேர்வது சாலையில் என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது பலகையில் ஏற்றும் அந்த அரை நிமிடத்தில்தான் நேர்கிறது. பலகையின் நீளம் தளத்தின் உயரத்தைப் போலக் குறைந்தது மூன்று மடங்கு இருக்க வேண்டும். தளம் இரண்டரை அடி உயரம் என்றால் பலகை ஏழரை அடி. இந்த அளவில் 195 கிலோ எடையுள்ள கிளாசிக்கை மேலே தள்ள ஏறக்குறைய 65 கிலோ அளவுக்கு விசை போதும். பலகை 6 அடியாகக் குறைந்தால் அதுவே 80 கிலோவைத் தாண்டிவிடும். நீண்ட பலகை கிடைக்காவிட்டால், லோடு வண்டியின் பின்புறத்தைச் சாலையோர மேட்டை ஒட்டி நிறுத்தினாலே ஏற்ற வேண்டிய உயரம் குறைந்துவிடும். பலகையின் மேல் நுனி தொங்கும் பின் கதவின் மேல் அல்லாமல் தளத்தின் விளிம்பிலேயே பதிய வேண்டும். மேலும் அதைக் கயிற்றால் லோடு வண்டியோடு கட்டியே ஆக வேண்டும், ஏனெனில் பின் சக்கரம் பலகையில் ஏறும் கணத்தில் கட்டாத பலகை பின்னோக்கி நழுவும்.

பைக்கை ஓட்டி ஏற்ற முயல வேண்டாம். மூன்று பேர் போதும்: ஒருவர் இடப்பக்கம் நின்று ஹேண்டில்பாரைப் பிடிக்க, இருவர் பின்னாலிருந்து தள்ள வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடிப்பவர் நடந்து ஏற இரண்டாவது பலகை ஒன்று அருகில் இருக்கட்டும். என்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுங்கள். சரிவில் எடை பின் சக்கரத்துக்குப் போய்விடுவதால் முன் பிரேக் அங்கே அதிகம் பிடிக்காது. வண்டி பின்னோக்கி உருண்டால் கிளட்சை விட்டவுடன் பின் சக்கரம் இறுகி நின்றுவிடும். தெரிந்தவர்கள்கூட இதை மறந்து முன் பிரேக்கையே நம்புகிறார்கள்.

உள்ளே ஏற்றியதும் முன் சக்கரம் தளத்தின் முன்சுவரில் முட்டி நிற்க வேண்டும். இடையில் பழைய டயர் ஒன்றை வைக்கலாம். கடுமையாகப் பிரேக் போடும்போது பைக்கின் எடையில் பாதிக்கும் மேற்பட்ட விசை முன்னோக்கிப் பாயும் என்பதால் இந்த முட்டு மிக முக்கியமானது. இப்போது இருவர் வண்டியை நேராகப் பிடித்திருக்க, மூன்றாமவர் கட்டத் தொடங்கலாம்.

கட்டுவதற்கு, கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்து இறுக்கும் ராட்செட் பெல்ட்டே சிறந்தது. நைலான் கயிறு நனைந்தால் நீளும். எவ்வளவு இறுக்கி முடிச்சிட்டாலும் மழையில் தளர்ந்துவிடும். நான்கு பெல்ட்டுகள் வேண்டும், அவற்றில் ஒவ்வொன்றும் தனியாகவே பைக்கின் முழு எடையைத் தாங்கக்கூடியதாக இருக்கட்டும். தாங்கும் அளவு பெல்ட்டில் தைத்த சீட்டில் அச்சிட்டிருக்கும். முன் பெல்ட்டுகளை ஹேண்டில்பார் நுனிகளில் மாட்டாதீர்கள், அது வளையும் அல்லது பிடிப்பிலிருந்து திரும்பிவிடும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கீழ்த் தட்டுக்கு மேலே துணிப் பட்டையைச் சுற்றி, அதில் கொக்கியை மாட்டி, முன்னோக்கியும் வெளிப்புறமாகவும் ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் கீழே இழுங்கள். பிரேக் குழாயும் ஒயர்களும் பெல்ட்டுக்கு அடியில் நசுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடம், வலம் என மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். முன் ஃபோர்க் தான் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அமுங்கினால் போதும். அமுங்காமல் விட்டால், பள்ளத்தில் விழும்போது ஃபோர்க் தாழ்ந்து பெல்ட் தளர்ந்து கொக்கி கழன்றுவிடலாம். முழுவதும் அமுக்கிவிட்டால் ஃபோர்க்கில் ஆயில் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் பாழாகும். இந்த அளவைக் கண்ணால் பார்த்துத்தான் பழக வேண்டும், அவசரப்படாதீர்கள். பின் பெல்ட்டுகளின் வேலை பின்பகுதி பக்கவாட்டில் துள்ளாமல் தடுப்பது மட்டுமே. பின் ஃபுட்ரெஸ்ட் பொருத்தியிருக்கும் சேசிஸ் பகுதியில் மாட்டி மிதமாக இறுக்கினால் போதும். கேரியரும் கிராஷ் கார்டும் போல்ட்டில் நிற்பவை, அவற்றை நம்பக் கூடாது. கட்டி முடித்ததும் சைடு ஸ்டாண்டை மடக்கி, வண்டியை முதல் கியரில் விட்டு, சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிறகு இருக்கையைப் பிடித்துப் பலமாக உலுக்குங்கள்: பைக் ஆடினால் லோடு வண்டியும் சேர்ந்து ஆட வேண்டும்.

மீந்த பெல்ட் நுனிகளைச் சுருட்டிக் கட்டுங்கள். தார்ப்பாய் போட்டால் காற்றில் படபடக்காதபடி இறுக்க வேண்டும். பீரோவையும் கட்டிலையும் பைக்கின் மேல் சாய்த்து அடைக்காதீர்கள். பைக்கைப் பிடித்துக்கொள்ள ஆளை மட்டும் ஒருபோதும் பின்னால் ஏற்ற வேண்டாம். பைக் சரிந்தால் அவர்தான் அதன் அடியில் இருப்பார்.

முதல் சில கிலோமீட்டரில் எல்லாக் கட்டும் சற்றுத் தளரும். தாம்பரத்தில் ஏற்றித் தெற்கே செல்பவர் கூடுவாஞ்சேரி தாண்டுவதற்குள் ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். அடுத்து பரனூர் சுங்கச்சாவடியைக் கடந்ததும் ஓரம் கட்டிப் பார்க்கலாம். அதற்குப் பிறகு ஓட்டுநர் தேநீருக்கு நிறுத்தும் இடங்களில் கையால் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தால் போதும்.

இறக்கும்போது பைக்கை ஒருவர் உறுதியாகப் பிடித்த பின்னரே பின் பெல்ட்டுகளையும், கடைசியாக முன் பெல்ட்டுகளையும் அவிழ்க்க வேண்டும். அமுங்கிய ஃபோர்க் துள்ளி எழும் என்பதால் ராட்செட்டைச் சட்டென்று விடுவிக்காமல் இரு பக்கமும் மெதுவாகத் தளர்த்துங்கள். பலகையில் பின்சக்கரம் முதலில் இறங்கும்படி விட்டு, முன்பு போலவே கிளட்சால் கட்டுப்படுத்துங்கள். தரையில் இறங்கியதும் ஃபோர்க் குழாய்களில் ஆயில் கசிவு இருக்கிறதா, ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா, பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்து, இரண்டு பிரேக்குகளையும் அந்தத் தெருவிலேயே மெதுவாகச் சோதித்த பிறகு ஓட்டிச் செல்லலாம்.