மனைவியும் பிள்ளையும் அமெரிக்காவில் வந்திறங்கும் நாள்: நாம் செய்யும் தவறுகள்

குன்னூரிலிருந்து என் மனைவியும் ஆறு வயது மகளும் குடியேற்ற விசாவில் அமெரிக்கா வந்த அன்று, நான் இந்தியானாபோலிஸ் விமான நிலையத்தில் பலூனும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். விமானம் வந்தது, அவர்கள் வரவில்லை. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, சிகாகோவில் இருந்தார்கள். அங்கே இறங்கி ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் அடுத்த விமானம் என்று டிக்கெட் போட்டவன் நான்தான். மனைவியின் போனுக்குப் பதினான்கு முறை அழைத்தேன். சுவிட்ச் ஆஃப்.

அதற்குப் பிறகு குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்திலிருந்து குடும்பத்தை அழைத்துவரும் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் முதலில் சொல்வது ஒன்றுதான்: அவர்கள் வெளியே வரும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நாம் எதுவும் செய்ய முடியாது. உள்ளே போய்ப் பேசவும் விடமாட்டார்கள். செய்ய வேண்டியதையெல்லாம் அவர்கள் ஊரில் வண்டி ஏறுவதற்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டும்.

டிக்கெட்டில் தொடங்கும் தவறு

அமெரிக்காவில் முதலில் எந்த ஊரில் இறங்குகிறார்களோ அங்கேதான் குடியேற்றச் சோதனை. டிக்கெட்டில் கடைசி ஊர் எதுவாக இருந்தாலும் சரி. குடியேற்ற விசாவில் முதல் முறை வருபவர்களை வழக்கமான கவுன்ட்டரோடு விடுவதில்லை. தனி அறைக்கு அனுப்புவார்கள். அங்கே கோப்பைத் திறந்து பார்த்து, ஆவணங்களைச் சரிபார்த்து, ரேகை வாங்கி, கேள்வி கேட்டு, முத்திரை போடுவார்கள். அரை மணியிலும் முடியும், மூன்று மணியும் ஆகும். அந்த நேரத்தில் எத்தனை விமானம் இறங்கியது என்பதைப் பொறுத்தது. அந்த அறையில் போனைப் பயன்படுத்த விடுவதில்லை. போன் எடுக்கவில்லை என்றால் ஏதோ விபரீதம் என்று நாம் பதற வேண்டியதில்லை.

அதோடு முடியவில்லை. பெட்டிகளை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடி பெட்டியைக் கொடுத்து, மறுபடி பாதுகாப்புச் சோதனை. தூக்கத்தில் இருக்கும் குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு இவ்வளவும்! ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் இது நடக்காது. நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அதைவிட நல்லது, உள்நாட்டு விமானமே வேண்டாம், முதலில் இறங்கும் ஊருக்கு நீங்களே காரில் போய்விடுங்கள். அபுதாபியிலிருந்து நேராக அமெரிக்கா வந்தால் மட்டும் கணக்கு வேறு. அங்கே விமானம் ஏறுவதற்கு முன்பே அமெரிக்க அதிகாரிகள் சோதனையை முடித்துவிடுவார்கள். அப்போது இடைவெளி அபுதாபியில் வேண்டும்.

தேதியிலும் கவனம் தேவை. விசா பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனை நாளிலிருந்து ஆறு மாதத்துக்குத்தான் இருக்கும். அந்தத் தேதிக்குள் அமெரிக்க அதிகாரியின் முன்னால் போய் நின்றிருக்க வேண்டும், ஊரில் விமானம் ஏறினால் மட்டும் போதாது. "தீபாவளி முடிந்து வருகிறோம்" என்று கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். கார்த்திகை மழையில் குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து, கோத்தகிரி வழியாகச் சுற்றி இறங்கியது நமக்குத் தெரியாததா? பெங்களூரு வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். நள்ளிரவு விமானத்துக்கு மதியமே கிளம்பினால்தான் உண்டு.

கோப்பு யார் கையில்?

என்னுடைய பெரிய தவறு இதுதான். விண்ணப்பம் நிரப்பியது, கட்டணம் கட்டியது, ஆவணங்களை ஏற்றியது எல்லாம் நான். மும்பை தூதரக நேர்காணலுக்கு மட்டும் மனைவி போய்வந்தார். தன் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் முழுதாகப் படித்ததே இல்லை. சிகாகோ அதிகாரி, "எந்த முகவரியில் தங்குவீர்கள்?" என்று கேட்டபோது, "என் கணவர் வீட்டில்" என்றுதான் சொல்ல முடிந்தது. முகவரி போனில் இருந்தது. போனில் சார்ஜ் இல்லை. அச்சடித்த தாள்கள், "பத்திரமாக இருக்கட்டும்" என்று அத்தை வைத்த பெரிய பெட்டியில், புடவைகளுக்கு அடியில்.

அந்த முகவரி சாதாரண விஷயமில்லை. கிரீன் கார்டு தபாலில் அங்கேதான் வரும்.

கைப்பையில் ஒரே கவரில் இவை இருக்கட்டும்: பாஸ்போர்ட்டுகள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், உங்கள் கிரீன் கார்டின் நகல், ஒரு தாளில் பேனாவால் எழுதிய முகவரியும் போன் நம்பரும். தூதரகம் ஒட்டி மூடிய உறை கொடுத்திருந்தால் அதைப் பிரிக்கவே கூடாது. விமான நிலைய அதிகாரிதான் பிரிப்பார். இப்போது பலருக்கு உறை கிடையாது, ஆவணங்கள் கணினி வழியே போய்விடும். விசாவிலேயே அந்தக் குறிப்பு அச்சாகியிருக்கும். மருத்துவப் பரிசோதனையில் எக்ஸ்ரே சி.டி. கொடுத்திருந்தால் அதுவும் கைப்பையில்தான்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு நாள், வீடியோ அழைப்பில் அந்தக் கவரைப் பிரித்து ஒவ்வொரு தாளாகச் சேர்ந்து பாருங்கள். இது என்ன, எதற்கு என்று நீங்கள் சொல்லாமல் அவரைச் சொல்ல விடுங்கள். நான் இதைச் செய்திருந்தால் என் மனைவி அந்த அறையில் அவ்வளவு நேரம் கலங்கி உட்கார்ந்திருக்க மாட்டார்.

இன்னொன்று. புரியாத கேள்விக்கு "யெஸ்" சொல்லிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. மரியாதைக்காகத் தலையையும் ஆட்டிவிடுவோம். அது கூடாது. ஆங்கிலம் நன்றாகப் படிப்பவருக்கும் அந்த வேகமும் உச்சரிப்பும் பிடிபடாமல் போகலாம். "தமிழ் இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்" என்று கேட்பதில் வெட்கமே இல்லை. போன் வழியாக மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசுவது அவர்களுக்கு வழக்கம்தான்.

ஒரே குடும்பத்தில் மூன்று குடும்பப் பெயர்

நமக்கு இனிஷியல் போதும், பாஸ்போர்ட்டுக்குப் போதாது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பது என் அப்பாவின் பெயர். மனைவிக்கு அவர் அப்பாவின் பெயர். மகளுக்கு என் பெயர். ஆக மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். நம்மூரில் யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கமாட்டார்கள். அங்கே, "இந்தக் குழந்தை உங்களுடையதா?" என்று அம்மாவையே கேட்பார்கள். கேட்பது அவர்கள் வேலை. பிறப்புச் சான்றிதழ் கையிலிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிழையில்லை, ஆனால் பிறகு எடுக்கும் அட்டைகளிலும் அது ஒட்டிக்கொண்டே வந்து தொல்லை தரும். இன்னும் விண்ணப்பிக்காதவர்கள் பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டத்தையும் முதலிலேயே நிரப்பிவிடுங்கள்.

அத்தை கட்டிக்கொடுத்த மூட்டை

ஊட்டி வர்க்கி, தேயிலைத்தூள், வீட்டுச் சாக்லேட் எல்லாம் வரலாம். யூகலிப்டஸ் தைலம் 100 மில்லிக்கு மேல் என்றால் கைப்பையில் ஏறாது. தோட்டத்து மரத்தக்காளி, பிளம்ஸ், விதைகள், ரோஜாப் பதியன், உப்புக்கண்டம் எதுவும் வேண்டாம்.

கறிவேப்பிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் ஒரு கொத்தாவது ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போய்விடுகிறது. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலைச் செடியில் வாழும். புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் பெருமளவு அழிந்தது அந்த நோயால்தான். அவர்கள் அதில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கிறது" என்றே சொல்லச் சொல்லுங்கள். சொன்னால், அதிகம் போனால் அந்தப் பொருள் குப்பைக்குப் போகும். மறைத்தால் அபராதம். இதனால்தான் பெட்டியை வருகிறவரே அடுக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். ரொக்கம் குடும்பத்துக்கு மொத்தமாக 10,000 டாலரைத் தாண்டினால் அதையும் அறிவிக்க வேண்டும்.

பிள்ளைக்கு

கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்குத் துணையாகப் பிள்ளைக்குக் கிடைத்த விசா என்றால், பிள்ளை அம்மாவுக்கு முன்னால் வர முடியாது. கூடவே வரலாம். பள்ளி திறக்கிறது, தாத்தாவோடு முதலில் அனுப்புகிறேன் என்று யாரும் திட்டம் போட வேண்டாம்.

அதிகாரி பிள்ளையிடமும் பேசுவார். "யார் இது?", "அப்பா பெயர் என்ன?" என்று கேட்கலாம். பயம் காட்டி மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் வாயே திறக்காது. சீருடை போட்ட ஒருவர் பேர் கேட்பார், சொன்னால் போதும் என்று சொல்லி வையுங்கள். கைப்பையில் மாற்றுத்துணி, பிஸ்கட், ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும். நாங்கள் ஊட்டிக்குளிரையே பார்த்தவர்கள் என்று ஜனவரியில் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். சிகாகோக் காற்று வேறு.

முத்திரை

கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன், இரண்டு பாஸ்போர்ட்டிலும் முத்திரை விழுந்திருக்கிறதா, தேதியும் விசாப் பிரிவும் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். கார்டு வரும்வரை, அந்த முத்திரை விழுந்த விசாதான் ஒரு வருடத்துக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான சான்று. வெளியே வந்த பிறகு பிழையைத் திருத்துவது பெரிய அலைச்சல். கார்டுக்கான குடியேற்றக் கட்டணம், ஒருவருக்கு 235 டாலர், கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டாலும் உள்ளே விடுவார்கள், கார்டுதான் வராது.

அன்றைக்குப் பக்கத்து இருக்கை அம்மா ஒருவர் சார்ஜர் கொடுத்த பிறகுதான் மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. "என்னங்க, ஃப்ளைட் போயிடுச்சு." நான் காரை எடுத்தேன். மூன்று மணி நேர ஓட்டம். நல்லவேளையாகக் குழந்தை இருக்கையைக் காரிலேயே மாட்டி வைத்திருந்தேன். இல்லினாய், இந்தியானா இரண்டு மாநிலத்திலும் எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு அது கட்டாயம். போய்ச் சேர்ந்தபோது மகள் பெட்டிமேல் உட்கார்ந்து வர்க்கி தின்றுகொண்டிருந்தாள். பலூன் வழியிலேயே காற்று இறங்கியிருந்தது. அதையும் வாங்கிக்கொண்டாள். இருக்கையில் பெல்ட் போட்டதும் தூங்கியவள், வீடு வரும்வரை எழவில்லை.